சறுக்குகளை எண்ணிக் கப்பல் எடுக்காதீர்கள்

கோடை விடுமுறைக்குக் கப்பல் பயணம் போகலாமா என்று ஒரு வீட்டில் பேச்செடுத்தால் போதும், நாலு பக்கமிருந்தும் ஒரே ஆலோசனை வந்து சேர்கிறது. பிள்ளைகள் இருக்கிறார்களா, அப்படியென்றால் இருப்பதிலேயே பெரிய கப்பலாகப் பாருங்கள்; நீர்ச்சறுக்கு எத்தனை, நீச்சல்குளம் எத்தனை என்று கேளுங்கள்; கார்ட்டூன் பாத்திரங்கள் வந்து கைகுலுக்கும் கப்பல் என்றால் இன்னும் நல்லது; எந்த ஊருக்குப் போகிறது என்று யோசிக்காதீர்கள், பிள்ளைகளுக்குக் கப்பல்தான் ஊர்; காலையில் அவர்களைக் கிட்ஸ் கிளப்பில் விட்டுவிட்டால் மாலை வரை உங்களுக்கு ஓய்வு. சென்னையில் டிராவல் ஏஜென்ட் இதைச் சொல்கிறார். சிங்கப்பூரில் பக்கத்து வீட்டுக்காரர் இதைச் சொல்கிறார். பள்ளி வாசலில் காத்திருக்கும் அம்மாக்களும் இதையே சொல்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டதால் யாரும் நிறுத்தி யோசிக்காத பேச்சாக இது ஆகிவிட்டது.

இந்த ஆலோசனையை நான் முழுதாக மறுக்கிறேன். பெரிய கப்பல் கெட்டது என்பதற்காக அல்ல. இந்த ஆலோசனை, 'பிள்ளைகள்' என்று ஒரே வயதில், ஒரே உயரத்தில் ஒரு கூட்டம் இருப்பதாக எண்ணிக்கொண்டு பேசுகிறது. எட்டு மாதக் குழந்தையும் நாலு வயதுப் பிள்ளையும் பதின்மூன்று வயதுப் பையனும் அதற்கு ஒன்றுதான். ஆனால் கப்பல் நிறுவனங்கள் அப்படி நினைப்பதில்லை. அவற்றின் விதிப் புத்தகம் முழுவதும் வயதுதான். பெரும்பாலான நிறுவனங்களில் 6 மாதம் நிரம்பாத குழந்தையை ஏற்ற மாட்டார்கள். தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ கரை தொடாமல் ஓடும் பயணமென்றால் 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். கிளப்புக்குப் பெரும்பாலும் 3 வயது. வர்ஜின் வாயேஜஸ், வைக்கிங் போன்ற நிறுவனங்களோ 18 வயதுக்குக் குறைந்த யாரையும் ஏற்றுவதே இல்லை. விற்பவர் வயதைக் கணக்கிட்டே விற்கிறார்; வாங்கும் நாம்தான் சறுக்கை எண்ணி வாங்குகிறோம். வீட்டின் கடைக்குட்டிக்கு என்ன வயது என்ற கேள்வியில் தொடங்காத எந்தக் கப்பல் தேர்வும் பணத்தையும் விடுமுறையையும் வீணாக்கும் என்பதே நான் சொல்ல வருவது.

சறுக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம், விற்பனை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. ராயல் கரீபியன் நிறுவனத்தின் 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து ஓடத் தொடங்கியது. 20 தளங்கள், 7 நீச்சல்குளங்கள், 6 பெரிய நீர்ச்சறுக்குகள் என்ற எண்கள் உலகம் முழுவதும் பரவின. அதே கப்பலில் அதிகபட்சம் 7,600 பயணிகள் ஏறலாம் என்ற எண்ணை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. இருவர் தங்கும் அறை ஒவ்வொன்றிலும் மூன்றாவது, நான்காவது படுக்கை நிறையும்போதுதான் ஒரு கப்பல் தன் உச்ச எண்ணிக்கையை நெருங்குகிறது. அந்தப் படுக்கைகளில் படுப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். ஆக, பள்ளி விடுமுறையில்தான் கப்பல் நிரம்பி வழிகிறது. நாம் போவதும் அப்போதுதான். நிதானமான ஒரு பிப்ரவரி வாரத்தில் எடுத்த வீடியோவில் காலியாகத் தெரியும் சறுக்கின் படிக்கட்டில், மே மாதம் வரிசை நிற்கும்.

வரிசையாவது பொறுமையால் தீரும். உயரம் தீராது. பெரிய கப்பல்களில் பெரிய சறுக்குகளுக்கு 42 அங்குலம் அல்லது 48 அங்குலம் என்று குறைந்தபட்ச உயரம் வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 5 வயது நிரம்பிய பையனின் நடுத்தர உயரம் 110 சென்டிமீட்டர், அதாவது 43 அங்குலத்துக்குச் சற்று மேல். 7 வயது நிரம்பியவனுக்கு 121.7 சென்டிமீட்டர், 48 அங்குலத்துக்கு மயிரிழை குறைவு. இதன் பொருள் என்ன? நாலாவது பிறந்தநாள் கொண்டாடிய பிள்ளைகளில் பெரும்பாலோர் 42 அங்குலச் சறுக்கிலும் ஏற முடியாது. ஏழாவது பிறந்தநாள் கொண்டாடிய பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 48 அங்குலச் சறுக்கு கிடையாது. ராயல் கரீபியன் கப்பல்களில் இருக்கும் 'ஃப்ளோரைடர்' என்ற அலைச்சறுக்கில் படுத்துச் சறுக்கவே 52 அங்குலம் வேண்டும், நின்று சறுக்க 58. அண்ணன் மேலிருந்து கத்திக்கொண்டே வழுக்கி இறங்க, தம்பி கீழே அளவுகோல் பக்கத்தில் நின்று அழும் காட்சி பெரிய கப்பல்களின் மேல்தளத்தில் சாதாரணம். விளம்பரப் படத்தில் அந்தத் தம்பி இருக்க மாட்டான். ஆனால் அவனுக்கும் சேர்த்துத்தான் நாம் பணம் கட்டுகிறோம்.

ஐகானில் சின்னஞ்சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கென்றே 'சர்ஃப்சைடு' என்று ஒரு பகுதி இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கப்பல் ஓடுவது கரீபியன் கடலில். அதன் பேரைச் சொல்லி நமக்கு விற்கப்படும் டிக்கெட் வேறு கப்பலுக்கானது. 2020 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து ஓடிய 'குவாண்டம் ஆஃப் தி சீஸ்', அதற்குப் பின் வந்த 'ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ்' இரண்டும் அதே நிறுவனத்தின் கப்பல்கள்தான். ஐகானில் இருக்கும் நீர்ச்சறுக்குப் பூங்கா அவற்றில் இல்லை. நிறுவனத்தின் பெயர் ஒன்று, கப்பல்கள் வேறு வேறு. எந்த நிறுவனம் நல்லது என்று கேட்டுக்கொண்டிருக்கும் வரை இந்த வேறுபாடு கண்ணில் படாது.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால் இந்த ஆலோசனையின் ஓட்டை இன்னும் பெரிதாகத் தெரியும். பெரும்பாலான கிளப்புகள் மூன்று வயது நிரம்பியதோடு, கழிவறைப் பழக்கமும் வந்திருக்க வேண்டும் என்கின்றன. டயப்பர் கட்டிய பிள்ளையைச் சேர்ப்பதில்லை. இரண்டே முக்கால் வயது, அருமையாகப் பேசுகிறாள் என்று சொல்லிப் பயனில்லை. வாசலில் கடவுச்சீட்டைப் பார்க்கிறார்கள். நீச்சல்குளமும் அவளுக்கு இல்லை. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களில் டயப்பர் கட்டிய குழந்தையைப் பொதுக் குளத்தில் இறக்கக் கூடாது, நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் கூடாது. சில கப்பல்களில் மட்டும் அவர்களுக்கென்று தனியாக நீர் தெளிக்கும் சிறு இடம் இருக்கும். ஏழு குளங்கள் இருந்தும் ஒன்றில்கூடக் கால் நனைக்க முடியாத குழந்தைக்கு ஏழு குளங்களால் என்ன பயன்?

இந்த இடத்தில்தான் 'பெரிய பெயர், பெரிய கப்பல்' என்ற வாதம் அடியோடு சரிகிறது. விலை குறைந்த நிறுவனம் என்று பலர் இரண்டாம் இடத்தில் வைக்கும் கார்னிவல், தன் 'கேம்ப் ஓஷன்' கிளப்பில் 2 வயதிலிருந்தே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறது. டயப்பரையும் ஊழியர்களே மாற்றுகிறார்கள். பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனத்தின் குடும்பக் கப்பல்களில் 6 மாதம் முதல் 4 வயது வரையான குழந்தைகளைத் தூங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இரவு நர்சரி இருக்கிறது, தனிக் கட்டணம் இல்லை. 2004இல் ஓடத் தொடங்கிய குனார்டு நிறுவனத்தின் 'குயின் மேரி 2' கப்பலைப் பாருங்கள். மாலையில் கோட்டு அணிந்து உணவருந்தும் பழைய பாணிக் கப்பல், ஒரு நீர்ச்சறுக்கும் கிடையாது. முதியவர்களின் கப்பல் என்று பலரும் ஒதுக்கிவிடுவார்கள். அதிலும் கைக்குழந்தைகளுக்குக் கட்டணமில்லா நர்சரி உண்டு. ஒரு வயதுக் குழந்தையின் பெற்றோருக்கு ஆறு சறுக்குகளைவிட இந்த ஒரு அறை எத்தனையோ மடங்கு பயன்படும்.

நீரைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். கப்பலில் குழந்தை கடலில் விழுந்துவிடுமோ என்றுதான் பாட்டிமார்கள் பயப்படுகிறார்கள். பயத்தோடு பார்க்க வேண்டியது மேல்தளக் குளத்தை. நீரில் மூழ்கி இறப்போரின் விகிதம் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளிடம்தான் மிக அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மூழ்கும் குழந்தை கத்துவதில்லை, கையை அசைத்துக் கூப்பிடுவதில்லை. பாட்டுச் சத்தமும் நூறு பிள்ளைகளின் கூச்சலும் நிறைந்த குளத்தில், பெரியவர்கள் இடுப்பளவு நீரில் நின்று பேசிக்கொண்டிருக்க, அது சத்தமில்லாமல் நடந்துவிடும். டிஸ்னி தன் கப்பல்களில் 2013 முதல் லைஃப்கார்டுகளை வைத்தது. ராயல் கரீபியன் 2017இல் வைத்தது. உலகின் பெருங்கப்பல்களை வைத்திருக்கும் நிறுவனமே அத்தனை ஆண்டுகள் லைஃப்கார்டு இல்லாமல் குளங்களை நடத்தியிருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். இன்றும் எல்லா நிறுவனங்களும் வைப்பதில்லை. 'இங்கே லைஃப்கார்டு இல்லை, பிள்ளைகளுக்குப் பெற்றோரே பொறுப்பு' என்ற பலகையோடு கடமையை முடித்துக்கொள்ளும் கப்பல்கள் இருக்கின்றன. சறுக்கு எத்தனை என்று கேட்கும் அப்பா, குளத்துக்குக் காவல் உண்டா என்று கேட்பதில்லையே என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். அந்தப் பதில் இல்லாமல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு எந்தக் கப்பலிலும் ஏறக் கூடாது. லைஃப்கார்டு இருந்தாலும் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும், அந்தக் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது.

கிட்ஸ் கிளப்பில் விட்டுவிட்டு ஓய்வெடுக்கலாம் என்ற வாக்குறுதிக்கு வருவோம். ஆறு ஏழு வயதில், ஆங்கிலம் சரளமாகப் பேசும், புது முகங்களோடு ஒட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு அது நல்ல இடம், மறுக்கவில்லை. ஆனால் நம் வீடுகளில் மூன்று நாலு வயதுப் பிள்ளைகள் பலர் தமிழில்தான் அழுகிறார்கள், தமிழில்தான் 'உச்சா வருது' என்கிறார்கள். கிளப்பில் பேசுவது ஆங்கிலம்; ஆசியக் கப்பல்களில் அதோடு சீனமும் சேரும். முதல் நாள் பத்து நிமிடத்தில் அறைக்கு அழைப்பு வரும், பிள்ளை அழுகிறது, வாருங்கள் என்று. அதன் பிறகு யார் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது? கூட வந்த பாட்டிதான். அவரும் டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்கிறார், அவரும் கடலைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார். மூன்று வேளையும் பேரனோடு அறைக்குள் அடைபட்டுத் திரும்பும் பாட்டிகளை இந்த ஆலோசனை சொல்பவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. தவிரவும், வருடம் முழுக்க வேலைக்கு ஓடும் அப்பா அம்மாவோடு நாலு நாள் சேர்ந்திருக்கலாம் என்று ஏறும் பிள்ளையை நாள் முழுவதும் இன்னோர் அறையில் விட்டுவைப்பதை விடுமுறையின் வெற்றியாக விற்பது எனக்குச் சம்மதமில்லை. கிளப் ஒரு மணி நேர உதவி. பயணத் திட்டமே அதன் மேல் நிற்கக் கூடாது.

டிஸ்னியின் பெயர் வந்தால் பேச்சே நின்றுவிடுகிறது, பிள்ளைகளுக்கு அதைவிட வேறென்ன என்று. அந்த நிறுவனத்தைப் பாராட்டக் காரணங்கள் உண்டு. அதன் கப்பல்களில் சூதாட்ட அரங்கு கிடையாது. லைஃப்கார்டுகள் உண்டு. 6 மாதம் முதல் 3 வயது வரையான குழந்தைகளுக்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் நர்சரி உண்டு. பல அறைகளில் கழிவறை தனி, குளியலறை தனி; பிள்ளையைக் குளிப்பாட்டும்போது இன்னொருவர் கதவைத் தட்ட வேண்டியதில்லை. மிக்கி மவுஸைவிட இந்தக் காரணங்கள் பெரியவை, ஆனால் யாரும் இவற்றைச் சொல்லி அனுப்புவதில்லை. சிங்கப்பூருக்கென்று அது கொண்டுவந்த 'டிஸ்னி அட்வென்ச்சர்' கப்பலின் கதையையும் தெரிந்துகொள்வது நல்லது. ஜெர்மனியின் விஸ்மார் நகரில் வேறொரு நிறுவனத்துக்காக, 9,000க்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றும் கப்பலாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது அது. 2022 ஜனவரியில் கப்பல் கட்டும் தளம் திவாலானது. அதே ஆண்டு டிஸ்னி அதை வாங்கி மாற்றிக் கட்டியது. 2025 டிசம்பரில் தொடங்குவதாக அறிவித்த பயணம் 2026 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. சுமார் 6,700 பயணிகள். 3 இரவு, 4 இரவுப் பயணங்கள். வழியில் வேறு துறைமுகம் இல்லை, ஏறிய இடத்திலேயே இறங்குகிறோம். இளவரசிகளையும் சூப்பர் ஹீரோக்களையும் உயிராக நேசிக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது பொன்னான நாலு நாள். கைக்குழந்தைக்கு அந்தப் பாத்திரங்கள் யாரென்றே தெரியாது. பதின்மூன்று வயதுப் பெண் அவற்றைத் தாண்டி வந்துவிட்டாள். ஒரே பெயர், ஒரே கப்பல், மூன்று வயதுகளுக்கு மூன்று பதில்கள்.

எந்த ஊருக்குப் போகிறது என்பது பிள்ளைகளுக்குப் பொருட்டல்ல என்கிற பேச்சைத்தான் நான் எல்லாவற்றையும்விட வன்மையாக மறுக்கிறேன். முதல் காரணம் வயிறு. கடல் நோய் மிக அதிகமாகத் தாக்குவது 2 முதல் 12 வயது வரையான பிள்ளைகளை. நாம் 'பிள்ளைகளுக்கான பயணம்' என்று சொல்வது சரியாக அந்த வயதினருக்குத்தான். பெரிய கப்பல் ஆடாது என்பார்கள். குறைவாக ஆடும் என்பது சரி. ஆனால் எந்தக் கடலில், எந்த மாதத்தில் என்பது கப்பலின் அளவைவிட முக்கியம். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் பக்கம் போகும் வழி மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் சுமத்ரா, மறு பக்கம் மலாயா தீபகற்பம். இரண்டுக்கும் நடுவே கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அதே சிங்கப்பூரிலிருந்து நவம்பர் முதல் பிப்ரவரி வரை வியட்நாம் பக்கம் போனால் வடகிழக்குப் பருவக்காற்றில் தென்சீனக் கடல் கொந்தளிக்கும். டிசம்பர் விடுமுறையில் போகும் குடும்பம் கேட்க வேண்டியது இதை. அறையும் அப்படித்தான். உயரத்தில், முன்மூக்கில் இருக்கும் அழகான பால்கனி அறையைவிட, நடுக்கப்பலில் தாழ்ந்த தளத்தில் இருக்கும் சாதாரண அறை குறைவாக ஆடும். ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: நம் வீடுகளில் பஸ் பயணத்துக்குக் கொடுத்துப் பழகிய அவோமினில் இருப்பது புரோமெதசின். 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அந்த மருந்து கூடாது, மூச்சையே நிறுத்திவிடக்கூடும். பெரிய பிள்ளைகளுக்கும் மருத்துவரைக் கேட்டுத்தான்.

இரண்டாவது காரணம் கரை. பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில், ஜார்ஜ் டவுன் நகரின் விளிம்பிலேயே கட்டப்படுகிறது. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு கப்பலைவிட்டு இறங்கினால் நடக்கும் தூரத்தில் 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பழைய நகரம். குயின் வீதியில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், அதைச் சுற்றி லிட்டில் இந்தியா, இட்லியும் தோசையும். வெயில் ஏறினால், குழந்தை அழுதால், கால் மணி நேரத்தில் கப்பலுக்குத் திரும்பிவிடலாம். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் படோங் விரிகுடாவில் நங்கூரமிட்டு நிற்கின்றன. சிறு படகில் ஏறி, அலையில் ஆடிக் கரைக்குப் போக வேண்டும், திரும்பி வர வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு ஊரும் ஒரே பயணத் துண்டறிக்கையில் ஒரே அளவு படத்தோடுதான் அச்சாகின்றன. ஒரு வயதுக் குழந்தையை வைத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. துறைமுகம் பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும் என்பதும் பொய். சரக்குப் பெட்டிகளைத் தூக்கும் கிரேன், கப்பலை இழுக்கும் இழுவைப் படகு, வழிகாட்டும் பைலட் ஓடும் கப்பலில் இருந்து கயிற்றேணியில் இறங்குவது, இவற்றை ஆறு வயதுப் பிள்ளை வாய் பிளந்து மணிக்கணக்கில் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, உயர வரம்பும் கிடையாது.

சென்னைக் குடும்பங்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' 1990இல் பிரான்சின் செயின்ட் நசேரில் கட்டப்பட்ட பழைய கப்பல். மொத்தக் கொள்ளளவு (கிராஸ் டன்னேஜ்) ஐகானில் ஐந்தில் ஒரு பங்குதான். 2023 ஜூனில் அது சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று புறப்பட்டபோது, இதெல்லாம் ஒரு கப்பலா, பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்று வயதுக் குழந்தை உள்ள சென்னைக் குடும்பத்துக்கு அதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்கிறேன். நள்ளிரவு விமானம் இல்லை. புறப்படுவதற்கு முந்தின இரவு குழந்தை தன் வீட்டில் தூங்குகிறது. பருப்பும் சோறும் தயிரும் கேட்டால் கிடைக்கும். திருகோணமலையில் கோணேசர் மலை, காங்கேசன்துறையில் இறங்கினால் கீரிமலை, கரையில் காதில் விழுவது தமிழ். சின்னப் பிள்ளை எளிதில் தொலைந்துபோக முடியாத அளவுக்குக் கப்பல் சிறியது. குறைகளும் உண்டு: சூதாட்ட அரங்கு இருக்கிறது, இரவில் சத்தம் இருக்கிறது, தென்மேற்குப் பருவத்தில் அம்பாந்தோட்டைப் பக்கம் கடல் கரடுமுரடு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டாம் நாளே போதுமென்று ஆகிவிடும். ஆனால் கடைக்குட்டிக்கு மூன்று வயது என்றால், சிங்கப்பூருக்குப் பறந்து ஓட்டலில் ஓர் இரவு தங்கி மலைபோன்ற கப்பலில் ஏறுவதைவிட வீட்டு வாசலில் இருந்து புறப்படும் சின்னக் கப்பல் பல குடும்பங்களுக்கு மேல்.

செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'பிள்ளைகளுக்கு இலவசம்' என்றால், முழுக் கட்டணம் செலுத்தும் இரு பெரியவர்களின் அறையில் மூன்றாவது, நான்காவது படுக்கைக்குப் பயணக் கட்டணம் இல்லை என்பது மட்டுமே. துறைமுகக் கட்டணமும் வரியும் உண்டு. டிப்ஸ் என்ற பெயரில் தலைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 15 முதல் 20 டாலர் வரை கணக்கில் ஏறும். 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் சில நிறுவனங்கள் விலக்கு தருகின்றன. நான்கு பேர் நான்கு இரவுக்கு 240 முதல் 320 டாலர் வரை வந்துவிடும். அந்த நான்கு பேரும் இருக்கப்போவது 170, 180 சதுர அடி அறையில். பாட்டி அறையில் பேத்தியைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று கடைசி நேரத்தில் மாற்றவும் முடியாமல் போகலாம். உயிர்காப்புப் படகில் கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை தலை என்று கணக்கு இருக்கிறது, கைக்குழந்தையும் அதில் ஒரு தலை.

உடம்புக்கு வந்தால் என்ன என்ற கேள்வியும் கடைக்குட்டியின் கேள்விதான். கப்பலில் மருத்துவர் இருப்பார், குழந்தை மருத்துவர் இருப்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. பில் டாலரில் வரும். நம் ஊர் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் நடுக்கடலில் செல்லாது. கடலிலிருந்து வெளியேற்றிக் கரைக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். கப்பல்களில் வாந்தி பேதி பரப்பும் நோரோவைரஸ் சானிடைசருக்கு எளிதில் அடங்காது, சோப்பும் தண்ணீரும்தான் வழி. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சோதித்து 100க்கு மதிப்பெண் போட்டு எல்லோரும் பார்க்க வெளியிடுகிறது. 85ம் அதற்குக் கீழும் தோல்வி. கப்பல் நிறுவனத்தின் விளம்பரத்தைவிட இந்த மதிப்பெண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எதிர்த் தரப்பில் உண்மையே இல்லையா? இருக்கிறது. வீட்டில் கடைக்குட்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது, எல்லோருக்கும் நீந்தத் தெரியும் என்றால், பெரிய கப்பலையே எடுங்கள். அந்த வயதுக்கு உயர வரம்பு தடையில்லை, தன் வயதுப் பிள்ளைகள் நூறு பேர் கிடைப்பதும் பெரிய கப்பலில்தான். பதின்ம வயதினரை எம்ப்ரஸ் போன்ற கப்பலில் ஏற்றிவிட்டு ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று கேட்பது நியாயமில்லை. என் சண்டை பெரிய கப்பலோடு இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொருந்தும் பதிலை எடுத்து இரண்டு வயதுக் குழந்தைக்கு விற்பவர்களோடுதான்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன், நிறுவனத்தின் பெயரை ஒதுக்கிவைத்துக் குறிப்பிட்ட கப்பலின் பெயரையும் புறப்படும் தேதியையும் சொல்லிக் கேளுங்கள். என் கடைசிப் பிள்ளைக்கு இத்தனை மாதம், இத்தனை அங்குலம், இன்னும் டயப்பர் கட்டுகிறோம். அவளுக்கு இந்தக் கப்பலில் எந்தக் குளம், எந்த அறை, எத்தனை மணி வரை? குளத்தில் லைஃப்கார்டு எப்போது இருப்பார், எப்போது இருக்க மாட்டார்? எந்தத் துறைமுகத்தில் கரையோடு கட்டுவீர்கள், எங்கே படகில் இறக்குவீர்கள்? சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்புகிறோம் என்றால் இந்தியக் கடவுச்சீட்டுக்குப் பல முறை நுழையும் விசா வாங்கித் தருகிறீர்களா? இவற்றுக்கெல்லாம் பதிலை வாய்ச்சொல்லாக ஏற்காதீர்கள், மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். எழுத்தில் பதில் தர மறுக்கும் ஏஜென்ட்டிடம் முன்பணம்கூடக் கட்டாதீர்கள்.